வாழ்வுக்கு மதிப்பெண்: ஒரு வினாப்பட்டியல் பற்றிய திறனாய்வு

திறனாய்வு என்னும் தலைப்பின்கீழ் ஒரு நூலோ ஓர் உரைத் தொகுதியோ ஆராயப்படுவதையே இவ்விதழின் வாசகர் கண்டிருப்பர். இம்முறை என் மேசைமேல் இருப்பது நூலன்று. 26 வினாக்கள் மட்டும் அடங்கிய ஒரு வினாப்பட்டியல். உலக சுகாதார நிறுவனம் மனிதரின் வாழ்வுத் தரத்தை அளப்பதற்கென உருவாக்கிய கருவியின் சுருக்க வடிவம் அது. ஆய்வாளர் அதனை ‘ஹூகால்-பிரெஃப்’ என்று அழைப்பர். இதற்கு இறையியல் இதழில் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். நம் சபை மக்களுள் இறையியல் நூல் எதனையும் திறந்தே பாராத பலர், இதனையோ இதன் உறவுக்காரத் தாள் ஒன்றையோ கையில் வாங்கி விடை சொல்லியிருக்கிறார்கள். மருத்துவமனையின் புறநோயாளர் வரிசையிலும், முதியோர் இல்லத்திலும், மனநலப் பிரிவிலும், அண்மைக் காலமாக நம் மாணவரின் கைவழியாக வீட்டுத் திண்ணையிலும் அது அவர்களை வந்தடைகிறது. ஒருவர் தம் வாழ்வைப் பற்றிப் பேசும்படி கேட்டு, அப்பேச்சை எண்ணாக மாற்றித் தரும் ஒரு பிரதி, ஆயருடைய கவனத்துக்கு உரியதே.

அது என் கைக்கு வந்த வரலாற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். கள ஊழியப் பயிற்சிக்கு மாணவரை அனுப்பும் பொறுப்பு என்னுடையது. திருத்தணியைச் சூழ்ந்து, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டைப் பக்கத்துச் சிற்றூர்களில் அவர்கள் வாரந்தோறும் முதியோரைச் சந்திப்பர். 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு இணைந்த வட்டாரம் இது. வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசுவோர் இங்கு மிகுதி; விசைத்தறி ஓசை கேளாத ஊர் குறைவு. இம்முதியோருக்கு மாத உதவி அளித்துவந்த ஓர் அறக்கட்டளை, ஆண்டுக்கு இருமுறை இவ்வினாப்பட்டியலை நிரப்பித் தரவேண்டும் என்றும், மதிப்பெண்ணைக் கண்டே அடுத்த ஆண்டின் உதவி முடிவாகும் என்றும் எழுதிற்று. மாணவர் தாள்களோடு புறப்பட்டனர். நானும் சில வீடுகளுக்குக் கூடச் சென்றேன்.

கருவியைக் குறைகூறு முன் அதன் பிறப்பை அறிதல் நேர்மை. 1940-களின் இறுதியில் அமெரிக்க மருத்துவர் டேவிட் கர்னாஃப்ஸ்கி புற்றுநோயாளரின் நிலையை 100 முதல் 0 வரை பத்துப் பத்தாக இறங்கும் ஓர் அளவுகோலால் குறித்தார். 100 என்றால் நோயின் அறிகுறியே இல்லை. 0 என்றால் மரணம். எண்ணைக் குறிப்பவர் மருத்துவரே. நோயாளியைக் கேட்கவேண்டிய தேவை அதில் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1991-இல் தொடங்கிய முயற்சி இவ்வழக்கத்தைத் திருப்பிப் போட்டது. வாழ்வின் தரம் என்பது, ஒருவர் தாம் வாழும் பண்பாட்டின் நடுவில், தம் இலக்குகளையும் எதிர்பார்ப்புகளையும் கவலைகளையும் கருதி, தம் நிலையைத் தாமே எவ்வாறு காண்கிறார் என்பதே என்று அது வரையறுத்தது. கருவியும் ஜெனீவாவில் எழுதி உலகெங்கும் மொழிபெயர்க்கப்பட்டதன்று. 15 மையங்கள் உடனிருந்து உழைத்தன. அவற்றுள் புதுதில்லியும் சென்னையும் நம் நாட்டவை. சென்னையில் இப்பணியை ஏற்றது சென்னை மருத்துவக் கல்லூரி. நோயுற்றோரிடம் ‘உன் வாழ்க்கை எப்படி இருக்கிறது?’ என்று எவரும் கேளாதிருந்த நாட்டில் அவர்களைக் கேட்கத் துணிந்தது சிறு செயலன்று. பிறருக்குப் பதிலாகத் தானே பேசிப் பழகிய நம் பிரசங்க பீடத்துக்கு இதில் ஒரு கடிந்துரை உண்டு என்றே கருதுகிறேன்.

எண்ணுவதே பாவம் என்று வாதிட நான் வரவில்லை. தாவீதின் குடிமதிப்பை எடுத்துக்காட்டுவோர் எண்ணாகமத்தின் முதல் அதிகாரத்தையும் சேர்த்து வாசிக்கட்டும்.

இனி மொழியைக் காண்போம். ஒவ்வொரு வினாவுக்கும் ஐந்து விடைகள் உண்டு. 1932-இல் ரென்சிஸ் லைக்கர்ட் வகுத்த முறையின் வழிவந்தவை இவை. இரு முனைகளும் தெளிவானவை: ஒன்று ‘சிறிதுமில்லை’, மற்றது ‘முழுமையாக’. இடையிலுள்ள மூன்று சொற்களே சிக்கலானவை. ‘சற்று’, ‘கொஞ்சம்’, ‘ஓரளவு’, ‘பெரிதும்’, ‘மிகவும்’ ஆகியவற்றுள் எது எவ்வளவு? இதற்கு ஆக்கியோர் கையாண்ட முறை மொழியாசிரியர் எவரையும் மகிழ்விக்கும். ஒவ்வொரு மையத்திலும் அகராதியிலிருந்து குறைந்தது 15 சொற்களைத் திரட்டி, 10 சென்டிமீட்டர் நீளமுள்ள கோடு ஒன்றைப் பொதுமக்கள் 20 பேர் முன் வைத்து, ஒவ்வொரு சொல்லும் அக்கோட்டில் எங்கே நிற்கும் என்று குறிக்கச் சொன்னார்கள். கோட்டின் கால், அரை, முக்கால் பகுதிகளுக்கு அருகில் விழுந்த சொற்களையே தெரிந்துகொண்டார்கள். நம் வேதாகம மொழிபெயர்ப்புக் குழுக்கள் ஒரு சொல்லின் எடையை இவ்வளவு பொறுமையாக நிறுத்துப் பார்த்ததுண்டா என்பது ஐயமே.

ஆயினும் சென்னையில் நிறுத்த சொல், எல்லையோரத்தில் அதே எடையோடு நிற்பதில்லை. நான் கண்ட வீடுகளில் மாணவர் தமிழில் கேட்க, பாட்டி தெலுங்கில் நினைத்து, ‘பரவால்ல’ என்ற ஒரே சொல்லால் விடையிறுப்பார். அச்சொல்லின் இடம் கோட்டில் எங்கே? ‘நன்று’ என்பதற்கும் அது பொருள். ‘கேட்காதே, தாங்கிக்கொள்கிறேன்’ என்பதற்கும் அதுவே பொருள். குரலைக் கொண்டுதான் பிரித்தறிய இயலும். தாளில் குரலுக்கு இடமில்லை.

முதல் வினாவே ஒரு கண்ணி. வாழ்வின் தரத்தை எவ்வாறு மதிப்பிடுகிறீர் என்று அது கேட்கிறது. தமிழில் இதனைச் சொல்ல வருபவர் எவரும் முதலில் நாடுவது ‘வாழ்க்கைத் தரம்’ என்னும் தொடரையே. அத்தொடரோ நம் செய்தித்தாள்களிலும் மேடைகளிலும் நெடுங்காலமாக வருமானம், வீடு, மின்சாரம், தொலைக்காட்சிப் பெட்டி ஆகியவற்றின் பேராகவே வழங்கிவந்துள்ளது. ஏழை மக்களின் வாழ்க்கைத் தரம் உயரவேண்டும் என்போம். அவர்கள் நிறைவின்றி வாழ்கிறார்கள் என்பதன்று அதன் கருத்து. ஆகவே, ஓட்டு வீட்டில் மகனும் மருமகளும் அன்போடு பேண வாழும் ஒருவர் இக்கேள்விக்குத் தலைகுனிந்து ‘தரம் குறைவுதான்’ என்பார். அவர் பொய் சொல்லவில்லை. வேறொரு கேள்விக்கு விடை சொல்கிறார்.

தனித்தனி வினாக்களுள் சில மிக நுட்பமானவை. உடல்வலியைப் பற்றிய வினா ‘எவ்வளவு வலிக்கிறது?’ என்று கேட்பதில்லை. செய்யவேண்டியதைச் செய்யவிடாமல் வலி எவ்வளவு தடுக்கிறது என்றே கேட்கிறது. ஆடிக் கிருத்திகையன்று வெயிலில் வெறுங்காலோடு காவடி சுமந்து திருத்தணி மலையின் 365 படிகளையும் ஏறும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் காலில் வலி உண்டு. அவ்வலி அவரைத் தடுக்கவில்லை; அவர் ஏற்றுக்கொண்ட செயலின் பகுதியாகவே அது இருக்கிறது. வினாவை எழுதியவர் இத்தகையோரையும் மனத்தில் கொண்டிருந்தாரோ என்று தோன்றுமளவுக்கு அது கவனமாக அமைந்துள்ளது.

அடுத்த வினாவில் அக்கவனத்தைக் காணோம். அன்றாட வாழ்வை நடத்த மருத்துவச் சிகிச்சை எவ்வளவு தேவைப்படுகிறது என்று அது கேட்கிறது. தேவை மிகுந்தால் மதிப்பெண் குறையும். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால், இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரைகள் இங்குள்ள முதியோரின் வீட்டுக்கே வருகின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நடந்து நடந்து சலித்தவர்கள் அவற்றைக் கைநீட்டி வாங்கும்போது முகத்தில் தெரியும் நிம்மதியைப் பார்த்திருக்கிறேன். ‘மாத்திரை இல்லாமல் ஒரு நாளும் முடியாது’ என்று அவர்கள் சொல்வது நன்றியோடு. தாள் அதனைக் குறை என எழுதிக்கொள்கிறது.

சமூக உறவு பற்றிய பகுதி மிக மெலிந்தது. மூன்றே வினாக்கள்: பிறரோடுள்ள உறவு, தாம்பத்திய வாழ்வு, நண்பரின் உதவி. எழுபது வயதுக் கைம்பெண்ணிடம் இருபத்துமூன்று வயது இறையியல் மாணவன் இரண்டாவதைக் கேட்பதெப்படி? அவர்கள் கேட்கவில்லை, இடத்தை வெறுமையாக விட்டார்கள், அல்லது (எனக்கு இது பின்னரே தெரிந்தது) நடுவிலுள்ள எண்ணைத் தாமே வட்டமிட்டார்கள். எஞ்சிய இரண்டிலும் ‘நண்பர்’ என்ற சொல் இப்பெண்களுக்கு உரியதன்று. அவர்களுக்குப் பக்கத்து வீட்டார் உண்டு, ஒரே தறிக்கூடத்தில் உழைத்தவர்கள் உண்டு, உறவுமுறையார் உண்டு, சபையார் உண்டு. ‘சினேகிதர்’ என்றால் ஆண்பிள்ளைகளுக்கு உள்ளவர்கள் என்று ஒருவர் சிரித்தே விட்டார்.

இம்மெலிவு கணக்கில் எப்படிப் பெருகுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒவ்வொரு பகுதியின் சராசரியும் 0 முதல் 100 வரை உள்ள எண்ணாக மாற்றப்படுகிறது. சுற்றுச்சூழல் பகுதியில் எட்டு வினாக்கள் இருப்பதால், ஒரு விடை 3-லிருந்து 4-க்கு நகர்ந்தால் அப்பகுதியின் மதிப்பெண் மூன்றளவில் உயரும். சமூக உறவில் அதே ஒரு படி நகர்வு எட்டுக்கு மேல் உயர்த்தும். ஒரு மூதாட்டி ‘பரவால்ல’ என்று சொன்னதை மாணவன் எந்தக் கட்டத்தில் வட்டமிட்டான் என்பதே அவ்வளவு வேறுபாட்டுக்கும் காரணம். கருவியை ஆக்கியோர் நான்கு பகுதிகளையும் தனித்தனியே காணவேண்டும் என்றே வகுத்தார்கள். நான்கையும் கூட்டி ஒரே எண்ணாக்குவது அவர்கள் முறையன்று. அறக்கட்டளை கூட்டிற்று. நாலாயிரம் பேரின் போக்கை அறியும் ஆய்வுக்கு எழுதிய கருவியை நான்கு பேரின் அரிசிக்கு அளவுகோலாக்கியதும் அதுவே.

நிற்க. இவை யாவும் திருத்தத்தக்க குறைகள். திருத்த இயலாதது, விடை சொல்பவருக்கும் கேட்பவருக்கும் இடையிலுள்ளது.

ஒரு கிராமச் சபையில், தார் சுற்றிப் பிழைத்து இப்போது கண் மங்கிய ஒரு கைம்பெண்ணிடம் முதல் வினா கேட்கப்பட்டது. நான் அருகில் அமர்ந்திருந்தேன். ‘கர்த்தர் ஒரு குறையும் வைக்கல, ஐயரே’ என்றார். மாணவன் 5-ஐ வட்டமிட்டான். 26 வினாக்களும் ஏறக்குறைய அவ்வாறே முடிந்தன. நம் சபைகளில் ஆயர் முன்னிலையில் ‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்ற கேள்விக்கு விடை சாட்சியாகவே அமையும் என்பதை எந்த ஆயரும் அறிவார். குறை சொல்வது கடவுள்மேல் குறை சொல்வதாகும் என்று அவர்களுக்குக் கற்பித்தவர்கள் நாமே. அவர் கூறியது ஒரு துதி. மாணவன் அதனைத் தகவலாக எழுதிக்கொண்டான். அதே தெருவில், அரசு அலுவலர் ஒருவர் கணக்கெடுக்க வந்தால் இதே மக்கள் முழங்கால் வலியையும் ஒழுகும் கூரையையும் வரிசையாக எடுத்துரைப்பர். இரு விடைகளுள் ஒன்றைப் பொய் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

இது சமயத்தால் மட்டும் வருவதன்று. வங்காளப் பஞ்சத்துக்கு அடுத்த ஆண்டாகிய 1944-இல், கல்கத்தாவை அடுத்த சிங்கூரில் அகில இந்திய சுகாதார, பொதுநல நிறுவனம் எடுத்த கணக்கொன்றைப் பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் எடுத்துக்காட்டுவார். மனைவியை இழந்த ஆண்களுள் 48.5 விழுக்காட்டினர் தம் உடல்நலம் கெட்டிருக்கிறது அல்லது சுமாராகவே இருக்கிறது என்றார்கள். கணவனை இழந்த பெண்களுள் அவ்வாறு சொன்னவர் 2.5 விழுக்காட்டினரே. பஞ்சத்தில் அடிபட்ட ஊரில் கைம்பெண்கள் நலமாயிருந்தார்கள் என்று இதனை எவரும் வாசிக்கமாட்டார். தமக்கென ஒரு குறையைச் சொல்லும் உரிமை உண்டென்பதையே அவர்கள் அறிந்திருக்கவில்லை. சென் 2002-இல் இதே கருத்தை மாநிலங்களுக்கும் விரித்தார்: ஆயுள் நீண்ட கேரளத்தார் தமக்கு நோய் மிகுதி என்கிறார்கள், ஆயுள் குறைந்த பீகாரில் நோய் உண்டென்று சொல்வோர் மிகக் குறைவு. கல்வியும் மருத்துவமும் கிட்டியவருக்கே தம் குறை கண்ணுக்குத் தெரிகிறது. பார்வோன் வயதைக் கேட்டபோது யாக்கோபு 130 என்று சொல்லி நிறுத்தவில்லை. தம் நாட்கள் கொஞ்சமும் துன்பம் நிறைந்தவையுமாய் இருந்தன என்றும், பிதாக்களின் நாட்களுக்கு அவை எட்டவில்லை என்றும் சேர்த்துச் சொன்னார். 130 ஆண்டு அவருக்குக் கொஞ்சமாயிற்று, ஒப்பிட்டுப் பார்க்க ஆபிரகாமும் ஈசாக்கும் இருந்தபடியால். எங்கள் மூதாட்டிக்கு ஒப்பிட யார் இருக்கிறார்கள்? தம்மைவிட வறியவராய் மாண்ட தம் தாய்.

இறை நம்பிக்கையைக் கருவி எவ்வாறு நடத்துகிறது என்பது நமக்கு நேரே உரியது. 100 வினாக்கள் கொண்ட பெரிய வடிவில் ஆன்மிகம் ஒரு தனிக் களம். சுருக்கத்தில் அது உளவியல் பகுதிக்குள் ஒரே வினாவாக, வாழ்வில் பொருள் உண்டா என்பதாக ஒடுங்கிற்று. இதனை உணர்ந்தே 32 வினாக்கள் கொண்ட துணைப் பட்டியல் ஒன்றை உருவாக்கி, 18 நாடுகளில் 5,000-க்கு மேற்பட்டோரிடம் சோதித்து 2006-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வியப்பு, உள்ளமைதி, எதிர்நோக்கு, விசுவாசம் என எட்டுக் கூறுகள். எந்தச் சமயத்தையும் புண்படுத்தாத அடக்கமான நடை. எனினும் விசுவாசம் பற்றிய வினாக்களை வரிசையாக வாசித்தால் ஒரே ஓசை கேட்கும்: அது உமக்கு எவ்வளவு நலம் தருகிறது, ஆறுதல் தருகிறது, வலிமை தருகிறது, வாழ்வைச் சுவைக்க உதவுகிறது? விசுவாசம் இங்கே ஒரு மருந்து. பலன் எவ்வளவு என்பதே கேள்வி. தான் பிறந்த நாளைச் சபித்த யோபு இதில் எத்தனை பெறுவான்? சூரைச்செடியின் கீழ்ச் சாவை வேண்டிய எலியா? கருவி கேட்பது கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி. அவ்விரண்டு வாரங்களுக்குள் கெத்செமனே இரவும் விழுந்தால், எதிர்மறை உணர்வு பற்றிய கடைசி வினாவுக்கு நம் ஆண்டவரின் விடை என்ன? புலம்பலும் ஜெபமே என்று வகுப்பில் கற்பிக்கிறோம். அந்த ஜெபத்துக்கு மிகக் குறைந்த எண்ணைத் தரும் தாளை அதே மாணவர் கையில் கொடுத்தனுப்புகிறோம்.

இதனினும் துணிந்து செல்லும் கருவிகள் உண்டு. 1987-இல் கூடிய ‘யூரோகால்’ குழுவின் ஐங்கூற்று வினாப்பட்டியலில் முழுநலம் 1, மரணம் 0. சில நிலைகளுக்கு 0-வுக்கும் கீழே எதிர்மறை எண் உண்டு. அதாவது, மரணத்தினும் இழிந்த வாழ்வு. இவ்வெண்கள் நோயாளியைக் கேட்டு வந்தவையல்ல. பொதுமக்களிடம் அந்நிலைகளைக் கற்பனை செய்யச் சொல்லிப் பெற்றவை. இந்தியாவுக்கென 2022-இல் வெளியான மதிப்புப் பட்டியலிலும் மிகக் கடைசி நிலைக்கு எதிர்மறை எண்ணே. அரசின் பணம் அளவுடையது. எந்தச் சிகிச்சைக்குச் செலவிடுவது என்று முடிவெடுப்பவருக்கு ஏதேனும் ஓர் அளவை வேண்டும். இதனை மறுப்பது எளிது, மாற்று சொல்வது அரிது. ஆனாலும் நடமாட்டமின்றிப் படுத்திருக்கும் ஒருவரின் கட்டிலருகே இராப்போஜனப் பாத்திரத்தோடு நின்றவர் எவரும் அந்த எதிர்மறைக் குறியைக் கண்டு மனம் கூசாதிரார்.

என் சொந்தக் குற்றம் ஒன்றையும் எழுதவேண்டும். முதலாம் ஆண்டின் மதிப்பெண்கள் சென்றபின், 75-க்கு மேல் பெற்றோருக்கு உதவி தேவையில்லை என்று விடை வந்தது. நீக்கப்பட்டோர் பெரும்பாலும் கைம்பெண்கள், எவரிடமும் முறையிட அறியாத சாட்சிக்காரிகள். குறைகளைச் சொல்லத் தெரிந்தவர்கள் பட்டியலில் நிலைத்தார்கள். அடுத்த முறை நான் வீடு வீடாகச் சென்று, ‘எல்லாவற்றுக்கும் நன்றாயிருக்கிறேன் என்று சொல்லாதீர்கள் அம்மா, ஓரளவு என்று சொல்லுங்கள்’ என்று சொல்லிக்கொடுத்தேன். ஒரு பாட்டி என்னை நெடுநேரம் பார்த்துவிட்டு, ‘கர்த்தரு ஓரளவுதான் செஞ்சாருன்னு சொல்லச் சொல்றீங்களா, ஐயரே?’ என்று கேட்டார். மாணவன் கையில் எழுதுகோல் இருந்தது. நான் விடை சொல்லவில்லை.

அதன்பின் வினாப்பட்டியலை நாங்கள் கைவிடவில்லை, முறையை மாற்றினோம். மாணவர் முதலில் தாளின்றி இரண்டு முறை செல்லவேண்டும். மூன்றாம் முறையே கேட்கலாம். விடையின் சொற்களை அவ்வாறே ஓரத்தில் எழுதவேண்டும். தெலுங்கில் சொன்னால் தெலுங்கில். நான்கு பகுதிகளையும் கூட்டக்கூடாது. தாம்பத்தியம் பற்றிய வினாவைக் கைம்பெண்களிடம் கேட்பதில்லை. அதற்கு எண்ணும் இடுவதில்லை. ஓரக் குறிப்புகளோடு அனுப்பிய தாள்களை அறக்கட்டளை ஏற்றுக்கொண்டது, ஒன்றைத் தவிர.

அது கண் மங்கிய அம்மூதாட்டியின் தாள். மூன்றாம் முறை மாணவன் கேட்டபோதும் முதல் வினாவுக்கு அவர் அதே விடையைத்தான் சொன்னார். 5 வட்டமிடப்பட்டது. எழுதுகோலை மூடிவைத்த பின், மகன் ஸ்ரீபெரும்புதூருக்கு வேலைக்குப் போய் இரண்டு ஆண்டாக வரவில்லை என்றும், இரவில் தண்ணீர் எடுக்க எழுந்தால் சுவரைத் தடவித்தான் போகிறேன் என்றும் சொன்னார். அவன் திரும்ப எழுதுகோலைத் திறந்து 2-ஐயும் வட்டமிட்டான். ஒரு வினாவுக்கு இரண்டு விடை இருப்பதால் கணினியில் ஏற்ற இயலாது, ஒன்றை அடித்துத் திருப்பி அனுப்புக என்ற குறிப்போடு அத்தாள் வந்திருக்கிறது. எதை அடிப்பது என்று மாணவன் என்னைக் கேட்டான். தாள் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது.